புதிய அங்கத்தவரைச் சேர்த்தல் தகுமோ?

பங்குக் கிணற்றிலே புதிய பங்காளி ஒருவரைச் சேர்க்குமுன் நம்மூரார் இரண்டு கேட்பர்: பழைய பங்காளிகள் யாவரும் இசைவரோ? முறைப்படி இறைக்க நீர் காணுமோ? நாடுகளின் ஒன்றியத்துக்கும் இவ்விரு வினாக்களே பொருந்துவன.

பிரித்தானியா ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்திற் சேர விழைந்தபோது, 1963இலும் 1967இலும் பிரான்சு ஒன்றே மறுத்துத் தடுத்தது. 1973இலேயே வாயில் திறந்தது. ஒருவர் மறுப்பினும் கதவு அடைபடும் என்பது முதற் பாடம்.

நம் இலங்கையும் இந்தியா முதலிய ஆறு நாடுகளும் 1985 டிசம்பர் 8இல் டாக்காவிற் கூடிச் சார்க் அமைப்பை நிறுவின. அதன் சாசனம் எம்முடிவுக்கும் ஏகமனதை வேண்டுவது. இருநாட்டுப் பிணக்குகளை அவைக்குக் கொணர்தலை விலக்குவது. 2007இல் ஆப்கானிஸ்தான் எட்டாம் அங்கத்துவம் பெற்றது. ஆயினும், இந்திய பாகிஸ்தான் பிணக்கினால் 2016இல் இஸ்லாமாபாத்தில் நடைபெறவிருந்த உச்சிமாநாடு நின்றுபோயிற்று. பங்காளர் தொகை பெருகினும் கிணற்று நீர் பெருகாது என்பது இரண்டாம் பாடம்.

ஏகமனது விதி நம்போன்ற சிறு நாட்டுக்குக் காப்பு. சிலவேளை அதுவே விலங்குமாம். ஆதலின், ஒன்பதாமவரை அழைக்குமுன் உள்ள எண்மரும் ஒருங்கு கூடுதலே முறையென்போம். சேறுவாரி ஊற்றுக்கண் திறந்த பின்னரே புதுப்பங்கு பிரித்தல் அறிவுடைமை.