பூனையால் பகை வேண்டாமே!

குழாயடிச் சண்டை, குப்பைச் சண்டை, வாய்க்கால் தண்ணீர்ச் சண்டை என்று அக்கம்பக்கத்துச் சண்டைகளில் எத்தனையோ வகை உண்டு. அந்த வரிசையில் பூனைச் சண்டையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். "போயும் போயும் ஒரு பூனைக்காகவா?" என்று சிரிப்பீர்கள். ஆனால் இருபது வருஷமாகக் குழம்புக் கிண்ணம் மாற்றிக்கொண்ட இரண்டு வீடுகள் ஒரு பூனையால் முகத்தைத் திருப்பிக்கொண்டதை எங்கள் மயிலாடும்பாறையில் நான் பக்கத்திலிருந்தே பார்த்தேன்.

நாய் என்றால் கட்டிப் போடலாம். ஆடு மாடு என்றால் பட்டியில் அடைக்கலாம். பூனையை என்ன செய்வது? அதற்கு உன் வீடு, என் வீடு என்ற பேதமே கிடையாது. பால் குடிப்பது ஒரு வீடு, குட்டி போடுவது இன்னொரு வீடு, அசிங்கம் செய்வது மூன்றாவது வீடு. சோறு போடுகிறவளுக்கு அது செல்லப்பிள்ளை. சுத்தம் செய்கிறவளுக்கோ சனியன்!

அதற்காகப் பூனையே வேண்டாம் என்றும் எங்கள் ஊரில் சொல்ல முடியாது. எங்கள் பக்கம் தென்னையும் இலவமரமும் ஏராளம். வீட்டுக்குள் தேங்காய், தானியம், இலவம்பஞ்சு என்று ஏதாவது குவிந்து கிடக்கும். எலி சும்மா இருக்குமா? ஒரு பூனை இருந்தால் ராத்திரி நிம்மதியாகத் தூங்கலாம்.

எங்கள் தெருச் சண்டையும் பஞ்சில்தான் ஆரம்பித்தது. அக்கா என்று நான் கூப்பிடும் ஒருவர் கோழி வளர்க்கிறார். அடுத்த வீட்டு மதினி பூனை வளர்க்கிறார். முதலில் இரண்டு குஞ்சுகள் காணாமல் போயின. அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு பேசாமல் இருந்தார். பிறகு சித்திரை மாதம், காயவைத்து அள்ளி வைத்திருந்த பஞ்சுக் குவியலுக்குள் அந்தப் பூனை நாலு குட்டி போட்டுவிட்டது. ரத்தமும் அழுக்கும் பட்ட பஞ்சுக்கு வியாபாரி விலையைக் குறைத்துவிட்டார்.

"யக்கா, வாயில்லாச் சீவன், அதுக்கு என்ன தெரியும்?" என்றார் மதினி.

"அதுக்குத் தெரியாதுத்தா. வளக்குற உனக்குத் தெரியணும்ல?" என்றார் அக்கா.

அன்றோடு பேச்சு நின்றது. மதினி வீட்டுக் காதுகுத்துக்கு அக்கா போகவில்லை. அதுகூடப் பரவாயில்லை. ஒரு நாள் காலையில் யாரோ எலி மருந்து தடவிய கருவாட்டுத் துண்டை மதில் ஓரம் வைத்துவிட்டார்கள். அதை முதலில் கண்டது பூனையல்ல, மூன்றாவது வீட்டு இரண்டு வயதுப் பிள்ளை. கையில் எடுத்து வாய்க்குக் கொண்டுபோகும்போது அதன் அப்பத்தா பார்த்துத் தட்டிவிட்டார். ஒரு நிமிஷம் தாமதித்திருந்தால்? நினைத்தாலே வயிறு கலங்குகிறது. வைத்தது யார் என்று இன்றுவரை தெரியாது. தெருவே ஒருவரை ஒருவர் சந்தேகமாகப் பார்த்ததுதான் மிச்சம்.

அந்த அப்பத்தாதான் இரண்டு பேரையும் தன் வீட்டுத் திண்ணைக்குக் கூப்பிட்டு உட்கார வைத்தார். "பூனை யாருதுங்கிறது இருக்கட்டும். நாளைக்கு என்ன செய்யப் போறீக, அதைச் சொல்லுங்க" என்றார். பூனைக்கு ஆபரேஷன் செய்வதாக மதினி ஒப்புக்கொண்டார். குஞ்சுகள் பெரிதாகும்வரை பஞ்சாரத்தில் கவிழ்த்து வைப்பதாக அக்கா ஒப்புக்கொண்டார். பழைய சிநேகம் முழுதும் திரும்பவில்லை. ஆனால் பேச்சு வந்துவிட்டது.

சிங்கப்பூரில் என்ன செய்தார்கள்?

இதை என் ஓரகத்தி மகளிடம் போனில் சொன்னேன். அவள் சிங்கப்பூரில் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறாள். "சித்தி, இதே சண்டைக்காக இங்கே சட்டமே இருந்தது" என்றாள்.

சிங்கப்பூரில் பெரும்பாலான ஜனங்கள் அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டிய அடுக்குமாடிகளில்தான் குடியிருக்கிறார்கள். அந்த வீடுகளில் 1989-ம் ஆண்டு முதல் பூனை வளர்க்கத் தடை இருந்தது. காரணம் என்ன தெரியுமா? பூனையை வீட்டுக்குள் அடக்கி வைப்பது கஷ்டம், பொது இடத்தில் முடி உதிர்க்கும், அசுத்தம் செய்யும், ராத்திரியில் கத்தும், அக்கம்பக்கத்தாருக்குத் தொந்தரவு என்பதுதான். நம் தெருப் புகாருக்கும் அதற்கும் ஏதாவது வித்தியாசம் உண்டா?

ஆனால் தடை போட்டதால் பூனை ஒழிந்துவிடவில்லை. ரகசியமாக வளர்த்தார்கள். அதனால் 2024 செப்டம்பர் 1 முதல் வழியை மாற்றிக்கொண்டார்கள். ஒரு வீட்டுக்கு 2 பூனை வரை வளர்க்கலாம். ஆனால் உரிமம் வாங்க வேண்டும், பூனையின் உடம்பில் மைக்ரோசிப் பொருத்த வேண்டும். எந்தப் பூனை யாருடையது என்ற கேள்விக்கே இடமில்லை! ஜன்னலுக்கு வலை அடிப்பது போன்ற ஏற்பாடு செய்து, பூனையைப் பத்திரமாக வைத்திருப்பதும் வளர்ப்பவர் பொறுப்பு. இதற்கெல்லாம் தயாராக 2026 ஆகஸ்ட் 31 வரை அவகாசமும் கொடுத்தார்கள். அக்கம்பக்கத்துச் சண்டைகளைக் கோர்ட்டுக்குப் போகாமல் பேசித் தீர்க்க அங்கே 1998 முதல் ஒரு சமரச நிலையமும் இருக்கிறது.

நம் ஊரில் உரிமமும் மைக்ரோசிப்பும் வேண்டாம். "இது என் பூனை, இதனால் வரும் தொல்லைக்கு நான் பொறுப்பு" என்று ஒருவர் சொன்னாலே பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

பூனை வளர்ப்பவர்கள் செய்ய வேண்டியது

முதல் வேலை கருத்தடை ஆபரேஷன். பெட்டைப் பூனை ஐந்தாறு மாதத்திலேயே சினையாகிவிடும். சினைக்காலம் இரண்டு மாதத்துக்குச் சற்று மேல்தான். வருஷத்துக்கு இரண்டு, மூன்று ஈற்றுகூட உண்டு. கணக்குப் போட்டுப் பாருங்கள், தெரு தாங்குமா? கடுவன் பூனைக்குச் செய்தால் ராத்திரிக் கூச்சலும், சண்டையும், சுவரெல்லாம் மூத்திரம் பீய்ச்சுவதும் பெரும்பாலும் குறையும். கால்நடை ஆஸ்பத்திரியில் கேளுங்கள். தேனியில் 2020-ல் கால்நடை மருத்துவக் கல்லூரியே வந்துவிட்டது.

அடுத்தது, அது போவதற்கு ஓர் இடம். பூனை மண்ணைப் பறித்து மூடும் பிராணி. பழைய பிளாஸ்டிக் பேசினில் உலர்ந்த மணலைக் கொட்டி, ஆள் நடமாட்டமில்லாத மூலையில் வைத்துப் பழக்குங்கள். தினமும் அள்ளிப் போட்டுவிடுங்கள். பிறகு அது அடுத்த வீட்டுக் கீரைப் பாத்தியைத் தேடிப் போவது குறையும்.

மூன்றாவது, சாப்பாடு. பால் சோற்றையும் தயிர் சோற்றையும் மட்டும் போட்டு வளர்க்காதீர்கள். பூனைக்கு மாமிசம்தான் இயற்கை உணவு. வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிக்காமல் வயிற்றுப்போக்கு வரும். இங்கிலாந்தில் எக்ஸிடர் பல்கலைக்கழகத்தார் 2021-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், மாமிசச் சத்து நிறைந்த உணவு கொடுத்தபோது பூனைகள் பிடித்துக்கொண்டு வரும் இரை 36 சதவீதம் குறைந்ததாம். தினமும் ஐந்து பத்து நிமிஷம் விளையாட்டுக் காட்டினால் 25 சதவீதம் குறைந்ததாம். ஆனால் கழுத்தில் கட்டிய மணியால் பெரிய பலன் தெரியவில்லையாம். பூனைக்கு யார் மணி கட்டுவது என்று நாம் இத்தனை காலம் கவலைப்பட்டது வீண்தான்!

ராத்திரியில் வீட்டுக்குள் வைத்துக்கொள்ளப் பழக்குங்கள். ஒரு குஞ்சு போனது உங்கள் பூனையால்தான் என்று தெரிந்தால், வாதாடாமல் அதன் விலையைக் கொண்டுபோய்க் கொடுங்கள். ஒரு குஞ்சின் விலையைவிட ஓர் உறவின் விலை அதிகம்.

அடுத்த வீட்டுக்காரர்கள் கவனிக்க வேண்டியது

குஞ்சு காணோம் என்றதும் பூனைமேல் பாயாதீர்கள். காக்காயும், பருந்தும், கீரிப்பிள்ளையும் குஞ்சு தூக்கும். எங்களைப் போல மலையடிவாரத்தில் இருப்பவர்கள் காட்டுப்பூனையையும் கணக்கில் சேர்க்க வேண்டும். வடகம், வற்றல், பஞ்சு எதைக் காயவைத்தாலும் பழைய வலைச் சேலையையோ கொசுவலையையோ விரித்து மூடுங்கள். விதை போட்ட பாத்தியில் முள் குச்சிகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் பரப்புங்கள். மண்ணை ஈரமாக வைத்தால் பூனை அதிகம் நாடாது. பால் பாத்திரத்துக்கு மூடி போடுங்கள்.

முக்கியமாக, முதல் தடவையே போய்ச் சொல்லிவிடுங்கள். பல தடவை பொறுத்துக்கொண்டு ஒரு நாள் வெடித்தால்தான் பகை வரும்.

குழந்தையும் கர்ப்பிணியும் உள்ள வீடுகளில்

பூனை கடித்தாலோ பிறாண்டினாலோ "சின்னக் கீறல்தானே" என்று மஞ்சளை அப்பிவிட்டு இருக்காதீர்கள். பூனையாலும் வெறிநோய் வரும். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவிவிட்டு, அன்றே டாக்டரிடம் போங்கள். அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இந்த ஊசி இலவசம். ஒரு ஊசியோடு நிறுத்தாமல் சொன்ன நாட்களில் முழுதும் போட்டுக்கொள்ள வேண்டும். வளர்க்கும் பூனைக்கும் வெறிநோய்த் தடுப்பூசி போட்டு வாருங்கள்.

பூனை மலத்தில் இருக்கக்கூடிய டாக்ஸோபிளாஸ்மா என்ற கிருமி வயிற்றிலிருக்கும் சிசுவைப் பாதிக்கலாம். மலம் வெளியே வந்து ஒன்று முதல் ஐந்து நாளில்தான் அது தொற்றும் நிலையை அடைகிறது. அதனால்தான் மணலைத் தினமும் அள்ளச் சொன்னேன். கர்ப்பிணி அந்த வேலையைச் செய்யக் கூடாது. அரைவேக்காட்டுக் கறியும், சரியாகக் கழுவாத கீரை காய்களும்கூட இந்தக் கிருமியைக் கொண்டுவரும். எனவே பூனையைத் துரத்திவிட்டு மற்றதில் அலட்சியமாக இருந்தால் பிரயோஜனமில்லை.

விஷம் மட்டும் வேண்டவே வேண்டாம்

பிராணிகளுக்கு விஷம் வைப்பது 1960-ம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டப்படியே குற்றம். 2024 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-வது பிரிவின்படி, பிராணியை விஷம் வைத்துக் கொன்றால் 5 வருஷம் வரை சிறையோ, அபராதமோ, இரண்டுமோ கிடைக்கலாம். வளர்த்த பூனையைச் சாக்கில் கட்டி எங்கேயோ கொண்டுபோய் விட்டுவிடுவதும் சரியல்ல. நம் தொல்லையை இன்னொரு தெருவின் தலையில் கட்டுவதுதானே அது?

சட்டம் இருக்கட்டும். விஷத்துக்குப் பூனை எது, பிள்ளை எது என்று தெரியாது. வாசலில் தவழும் குழந்தை உள்ள தெருவில் அதை வைக்க யாருக்கும் மனசு வரக் கூடாது.

பேசியும் தீராவிட்டால், தெருவில் இரண்டு பக்கமும் மதிக்கும் ஒரு பெரியவரைக் கூப்பிட்டு உட்காருங்கள். அதுவும் முடியாவிட்டால், கோர்ட் வளாகங்களில் உள்ள சட்டப் பணிகள் குழுவை அணுகலாம். 1987-ம் வருஷச் சட்டப்படி, வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்கு அங்கே உதவி இலவசம். 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் கேட்கலாம்.

சகோதரிகளே, ராத்திரி பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் முதலில் கதவைத் தட்டுவது அடுத்த வீட்டில்தான். அந்தக் கதவை ஒரு பூனைக்காக மூடிக்கொள்ளலாமா? உங்கள் தெருவில் இந்தத் தொல்லையை எப்படிச் சமாளித்தீர்கள் என்று நீங்களும் எழுதுங்களேன், மற்றவர்களுக்கு உதவும்.