டூப்ளிகேட் கிளாஸ்: ஒரு ராத்திரி வேலை

ஒரே லைப்ரரிக்கு இரண்டு வெர்ஷன் வந்தால் கிரேடில் தானாகவே பெரிய எண்ணை எடுத்துக்கொள்ளும். அப்புறம் ஏன் ஆண்ட்ராய்டு பில்ட் 'டூப்ளிகேட் கிளாஸ்' என்று நிற்கிறது? ரிலீஸுக்கு முந்தின ராத்திரி இதில்தான் மாட்டிக்கொண்டேன். எக்ஸ்க்ளூட் போட்டு ஒவ்வொன்றாக வெட்டியது வெட்டி வேலை.

கிரேடில் ஒரே பெயருள்ளவற்றைத்தான் ஒப்பிடும். கோட்லின் 1.8.0-இல், எஸ்டிடிலிப்-ஜேடிகே8-இல் இருந்த கிளாஸ்கள் மூல எஸ்டிடிலிப்புக்கே குடிபோய்விட்டன. என் ஆப்பில் ஒரு லைப்ரரி புது எஸ்டிடிலிப்பை இழுத்து வந்தது. இன்னொன்று பழைய ஜேடிகே8 1.6.21-ஐ. பெயர் வேறு என்பதால் கிரேடில் கண்ணில் மோதலே படவில்லை.

டிபென்டன்சீஸ் டாஸ்க்கை ஓட்டிப் பாருங்க, யார் எதை இழுத்து வந்தது என்று தெரிந்துவிடும். நான் கோட்லின்-பாம் 1.8.0-ஐ பிளாட்ஃபார்மாகச் சேர்த்தேன். ஜேடிகே8-உம் 1.8.0-க்கு ஏறியது. அந்த வெர்ஷனில் அது வெறும் கூடுதான், மோத உள்ளே ஒன்றுமில்லை.