ஊருக்கொரு முழக்கோல்



ஒரு வீட்டின் கதவை ஓர் ஊரிலுள்ள தச்சரும், அக்கதவுக்குரிய நிலையை வேறோர் ஊரிலுள்ள தச்சரும் செய்வதாக வைத்துக்கொள்வோம். இருவரும் கைதேர்ந்தவர்கள், இருவருடைய வேலையிலும் பழுதில்லை. ஆயினும், ஒருவருடைய முழக்கோல் மற்றவருடையதிலும் அரை விரல் நீண்டதாயின் கதவு நிலையிற் பொருந்தாது. குற்றம் தச்சரிடத்தில் இல்லை; மரத்திலும் இல்லை. இரண்டு கோல்களையும் முன்னரே ஒப்பிட்டுப் பாராமையே குற்றம்.

இக்காலத்திற் கட்டடம், பாலம், கப்பல், விமானம் முதலியவற்றை வடிவமைப்போர் கணனியின் முன்னிருந்தே வரைகின்றனர். கணனியை இயக்கும் கட்டளைத் தொகுதியாகிய மென்பொருளே அவர்களுடைய முழக்கோல். பெரிய நிறுவனங்களின் வரைஞர்கள் ஒரே கூரையின் கீழ் இருப்பதில்லை. ஒரு காரியாலயம் ஒரு நாட்டிலும் மற்றொன்று வேறொரு நாட்டிலும் இருக்க, யாவரும் ஒரே பொருளை வரைகின்றனர். இக்காரியாலயங்கள் அனைத்திலும் வரைதலுக்குரிய மென்பொருளை வலையமைப்பின் வழியாக நிறுவுவது எவ்வாறு, அதில் எதனைப் பொதுவாக வைப்பது, எதனை இடத்துக்கேற்ப மாற்றுவது என்பனவே இன்று நாம் ஆராயும் பொருள். இது தொழில்நுட்பவியலாளரின் சிறு வேலை என்று பலர் எண்ணுவர். அவ்வெண்ணம் எவ்வளவு பிழையானது என்பதற்கு அண்மைக்கால வரலாறு ஒன்று சான்றாக நிற்கின்றது.

எயார்பஸ் என்னும் விமான நிறுவனத்தை நேயர்கள் அறிவீர்கள். 1970 ஆம் ஆண்டிற் பிரான்சும் ஜேர்மனியும் இதனைத் தொடக்கின. பின்னர் ஸ்பானியாவும் பிரித்தானியாவும் சேர்ந்தன. நெடுங்காலம் ஒவ்வொரு நாட்டுக்கும் உரிய நிறுவனங்கள் தனித்தனியே இயங்கின. 2001 ஆம் ஆண்டிலேதான் அவையெல்லாம் சட்டப்படி ஒரே நிறுவனமாயின. அதற்குச் சிறிது முன்னர், 2000 டிசெம்பரில், ஏ-380 என்னும் ஈரடுக்குப் பெருவிமானத்தைக் கட்டும் முடிவு எடுக்கப்பட்டது. இறக்கைகள் வேல்சிலும், உடற்பகுதிகள் சில ஜேர்மனியின் ஹம்பேர்க் நகரிலும், வாற்பகுதியின் பாகங்கள் சில ஸ்பானியாவிலும் உருவாகி, எல்லாம் பிரான்சின் துலூஸ் நகரில் ஒன்றுசேர்க்கப்படவேண்டும் என்பது ஏற்பாடு.

அவ்விமானத்தினுள்ளே ஓடும் மின்கம்பிகளின் எண்ணிக்கை ஏறக்குறைய ஒரு லட்சம். அவற்றை ஒன்றோடொன்று தொடுத்தால் நீளம் 500 கிலோமீற்றரைக் கடக்கும். இக்கம்பிகளைக் கட்டுக் கட்டாகச் சேர்த்து, எந்த வளைவில் எவ்வளவு வளைய வேண்டும், எந்தத் துளையின் ஊடாகச் செல்லவேண்டும் என்று முன்னரே கணக்கிட்டு அனுப்புவது ஹம்பேர்க் வரைஞர்களின் பொறுப்பு. கட்டுகள் துலூசுக்கு வந்தன. பொருத்தப் புகுந்தபோது சில கம்பிகள் சேரவேண்டிய இடத்தைச் சேரவில்லை. சில சதமமீற்றர் நீளமே குறைவு. ஆனாற் சில சதமமீற்றர் குறைந்த கம்பியும் அறுந்த கம்பியும் பயனில் ஒன்றே.

காரணம் யாது? இரு நகரத்தவரும் கட்டீயா என்னும் பெயருடைய ஒரே மென்பொருளைத்தான் கையாண்டனர். ஆனால் பிரான்சிலும் பிரித்தானியாவிலும் அதன் ஐந்தாம் பதிப்பும், ஜேர்மனியிலும் ஸ்பானியாவிலும் நான்காம் பதிப்பும் நிலவின. பெயர் ஒன்றாயினும் பொருள் வேறு. ஐந்தாம் பதிப்பு நான்காவதைத் திருத்தி எழுதியதன்று. அடிமுதற் புதிதாக எழுதப்பட்டது. ஆதலின் ஒன்றில் வரைந்ததை மற்றொன்றுக்கு மாற்றும்போது சில விவரங்கள் வழியிலே தவறிப்போயின. துலூசில் ஒரு பகுதியின் வடிவம் மாறியபோது, அம்மாற்றம் ஹம்பேர்க்கின் கணனியில் முழுமையாகவும் உரிய காலத்திலும் தெரியவில்லை. செம்புக்குப் பதிலாக அலுமினியக் கம்பி பயன்பட்டமையும், ஒவ்வொரு விமானக் கம்பனியும் தன் விருப்பப்படி உள்ளமைப்பை வேண்டியமையும் தொல்லையைப் பெருக்கின என்பதும் உண்மையே. எனினும், இவையெல்லாவற்றையும் முன்கூட்டியே காட்டியிருக்கக்கூடிய ஒரே பொது வரைபடம் இல்லாமற் போனதே மூல நோய்.

அதன் விளைவைக் கேளுங்கள். 2005 ஏப்பிரலில் அவ்விமானம் வெற்றியுடன் பறந்துவிட்டது. ஆயினும் வாங்கியோர் கையில் அதனை ஒப்படைக்க முடியவில்லை. ஹம்பேர்க்கிலிருந்து நூற்றுக்கணக்கான தொழிலாளர் துலூசுக்கு வந்து தங்கிக் கம்பிகளைக் கையாலேயே திருத்தினர். 2006 யூன் மாதத்தில் மேலும் தாமதம் என்ற அறிவித்தல் வெளியானதும், தாய் நிறுவனத்தின் பங்கு விலை ஒரே நாளிற் காற்பங்குக்கு மேல் வீழ்ந்தது. அடுத்த மாதத்தில் தலைவர்கள் இருவர் பதவி துறந்தனர். தாமதத்தினால் 2010 ஆம் ஆண்டு வரையிற் குறையக்கூடிய இலாபம் 480 கோடி யூரோ என ஒக்டோபரில் அந்நிறுவனமே மதிப்பிட்டது. 2007 பெப்ரவரியில் 10,000 வேலைகளைக் குறைக்கும் திட்டம் அறிவிக்கப்பட்டது. அதற்குரிய காரணங்களுள் இந்நட்டமும் ஒன்று. முதல் விமானம் சிங்கப்பூர் விமானக் கம்பனியின் கையிற் சேர்ந்தது 2007 ஒக்டோபர் 15 ஆம் திகதியன்றே.

இதற்கு மாறான ஓர் எடுத்துக்காட்டும் உண்டு. அமெரிக்காவின் போயிங் நிறுவனம் தனது 777 விமானத்தை 1990 ஆம் ஆண்டளவில் வடிவமைக்கத் தொடங்கியபோது, முழுவதையும் அதே கட்டீயா மென்பொருளில் வரைவது என்று முடிவுசெய்தது. இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட கணனி நிலையங்கள் ஒரே தொகுதியில் இணைக்கப்பட்டன. கடல் கடந்த ஜப்பானியக் கூட்டாளிகளும் அவ்விணைப்பிற் சேர்ந்தனர். பாகங்கள் ஒன்றோடொன்று முட்டுகின்றனவா என்பதைக் கணனியிலேயே பொருத்திப் பார்த்தனர். அவ்விமானம் 1994 யூன் மாதத்திற் பறந்தது. அடுத்த ஆண்டிற் சேவைக்கு வந்தது. தூரம் அங்கும் இருந்தது. பல மொழி பேசுவோர் அங்கும் இருந்தனர். ஆனால் முழக்கோல் ஒன்றாக இருந்தது.

இனி, அந்த ஒரே முழக்கோலைப் பல காரியாலயங்களுக்கும் வழங்குவது எப்படி என்பதைப் பார்ப்போம்.

ஒவ்வொரு கணனியின் முன்னும் ஒருவர் அமர்ந்து மென்பொருளை நிறுவினால், நூறு கணனிகள் நூறு விதமாக அமையும். ஒருவர் ஒரு பகுதியைச் சேர்ப்பார், மற்றொருவர் விட்டுவிடுவார். ஆகவே தலைமை நிர்வாகி முதலில் ஒரு நிறுவற் பொதியை ஆயத்தஞ்செய்கிறார். எந்தப் பதிப்பு, எந்தத் திருத்தங்கள், எந்தத் துணைப்பகுதிகள் என்பனவற்றையும், நிறுவனத்துக்கென அமைத்த ஒழுங்குகளையும் அப்பொதியினுள் முன்னரே அடைத்துவிடுகிறார். அது வலையமைப்பில் ஒரு பொது இடத்தில் வைக்கப்படும். ஒவ்வொரு கணனியும் அங்கிருந்து அதனைப் பெற்று, வரைஞரிடம் ஒரு கேள்வியும் கேளாது தானே நிறுவிக்கொள்ளும். ஒரே பானையிலிருந்து பரிமாறிய சோறு போல எல்லா இலைகளிலும் ஒரே சுவை இருக்கும்.

அப்பொதியில் எவை ஒன்றாக இருக்கவேண்டும்? முதலாவது பதிப்பு. ஓட்டோகாட் என்னும் வரைதல் மென்பொருளை எடுத்துக்கொண்டால், அதன் கோப்பு அமைப்பு 2013 ஆம் ஆண்டுப் பதிப்பில் மாறியது. 2018 ஆம் ஆண்டுப் பதிப்பில் மீண்டும் மாறியது. புதிய அமைப்பிற் சேமித்த படத்தைப் பழைய பதிப்புத் திறக்கமாட்டாது. கட்டட வடிவமைப்புக்குரிய றெவிற் மென்பொருளிலோ, ஒவ்வோர் ஆண்டுப் பதிப்பிலும் இந்நிலையே. இரண்டாவது அலகு. வரைபடத்தில் ஆயிரம் என்று நீளங்கொண்ட கோடு மில்லிமீற்றரில் ஒரு மீற்றர். அங்குலத்தில் இருபத்தைந்து மீற்றருக்கும் மேல். மூன்றாவது, தொடக்கத்தாள், கோட்டின் தடிப்பு, எழுத்துரு, குறியீடுகள், படத்தின் அடுக்குகளுக்கு இடும் பெயர்கள் ஆகியன. ஓர் எழுத்துரு ஒரு காரியாலயத்தில் இல்லையாயின், கணனி வேறொன்றை இட்டு நிரப்பும். எழுத்துகள் அகன்று அல்லது குறுகி, ஓர் எண் மற்றோர் எண்ணின் மேல் ஏறிவிடலாம். கொத்தனாரின் கையில் அப்படம் சேரும்போது மூன்று எட்டாகத் தோன்றினால் யார் பொறுப்பாளி?

எல்லாவற்றையும் ஒன்றாக்கிவிடுவதும் அறிவுடைமையன்று. அச்சுப்பொறி அந்தந்தக் காரியாலயத்துக்கு உரியது. ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் வழங்கும் தாளளவு வேறு. அமெரிக்காவில் வழங்கும் தாளளவு வேறு. கட்டட விதிகள் நாட்டுக்கு நாடு மாறும். கட்டளைப்பட்டியல் ஜேர்மன் மொழியில் இருப்பதால் வரைபடம் கெட்டுவிடாது. ஆகவே பொதுப் பொதி ஒன்றும், அதன் மேல் ஒவ்வோர் இடத்துக்கும் உரிய மெல்லிய தனி அடுக்கு ஒன்றும் என இரண்டாகப் பிரித்துக்கொள்வது நன்று. படத்தின் பொருளை மாற்றக்கூடியது எதுவோ அது பொதுவிற் சேரும். வேலை செய்வோரின் வசதியை மட்டும் மாற்றுவது எதுவோ அது தனியிற் சேரும். ஐயம் எழுந்தால், பொதுவிற் சேர்ப்பதே பாதுகாப்பு.

தூரத்தையும் கணக்கிலே கொள்ளவேண்டும். இலண்டனுக்கும் சிங்கப்பூருக்கும் இடையே ஏறக்குறைய 10,800 கிலோமீற்றர். கண்ணாடியிழையில் ஒளி செக்கனுக்கு ஏறக்குறைய இரண்டு லட்சம் கிலோமீற்றர் செல்லும். நேர்கோட்டிலே சென்றாலும் ஒரு கேள்வி போய் விடை திரும்புவதற்குச் செக்கனிற் பத்திலொரு பங்குக்குச் சற்று மேற்பட்ட நேரம் வேண்டும். இது சிறிதே. ஆனால் ஒரு கோப்பைத் திறக்கும்போது இரு கணனிகளும் ஒன்றன்பின் ஒன்றாக ஆயிரம் கேள்விகளும் ஆயிரம் விடைகளும் பரிமாறினால், இரண்டு நிமிடங்கள் அளவு கழிந்துவிடும். எவ்வளவு பணம் கொடுத்தாலும் ஒளியை விரைவுபடுத்த இயலாது. ஆதலின் பொதியினதும் துணைக்கோப்புகளினதும் பிரதி ஒன்றை ஒவ்வொரு காரியாலயத்திலும் வைத்து, இரவு வேளையில் தலைமை இடத்தோடு ஒப்பிட்டுப் புதுப்பிக்கின்றனர். எல்லா இடத்திலும் அப்பிரதிக்கு ஒரே முகவரிப் பெயரையே இடுவர். வரைஞர் இலண்டனில் இருந்தாலும் சிங்கப்பூரில் இருந்தாலும் அதே பெயரை அழைப்பார்; மிக அருகிலுள்ள பிரதி விடை கூறும். ஆனால் ஓர் எச்சரிக்கை: அப்பிரதிகளில் எவரும் தம் விருப்பப்படி மாற்றஞ்செய்ய இடமளிக்கலாகாது. திருத்தம் தலைமைப் பிரதியில் மட்டுமே நிகழவேண்டும்.

பதிப்பு மாற்றத்துக்கும் காலம் உண்டு. ஒரு திட்டம் பாதிவழியில் நிற்கும்போது ஒரு காரியாலயம் மட்டும் புதிய பதிப்புக்குப் போவது, ஓடும் தேரின் ஒரு சில்லை மட்டும் மாற்றுவதற்கு ஒப்பாகும். முதலில் ஒரு சிறு குழுவிடம் கொடுத்துப் பரீட்சித்து, உண்மையான படங்களைத் திறந்தும் அச்சிட்டும் பார்த்து, பின்னர் ஒரே நாளில் எல்லோரும் மாறவேண்டும். குறை காணப்பட்டால் பழைய நிலைக்குத் திரும்பும் வழியையும் முன்னரே ஆயத்தமாக வைத்திருக்கவேண்டும்.

நேயர்களே, இவ்வளவும் கூறியபின் ஒரு கேள்வி எஞ்சுகின்றது. எயார்பஸ் நிறுவனத்தில் இம்முறைகளை அறிந்தவர்கள் இல்லையா? உலகின் சிறந்த பொறியியலாளர் அங்கே இருந்தனர். மென்பொருள் மாற்றம் பணச்செலவுடையது. பழகிய கருவியை விட்டுப் புதியதைக் கற்பது கால விரயம் போலத் தோன்றுவது. தம் நாட்டு வழக்கமே சிறந்தது என்ற பற்றும் எளிதில் நீங்குவதன்று. நான்கு நாட்டாரும் ஒரே பெயர்ப்பலகையின் கீழ் வந்தனர். ஆனால் ஒரே கருவியின் கீழ் வருவதற்கு வேண்டிய முடிவை உரிய காலத்தில் எடுத்து நிறைவேற்றும் கை அமையவில்லை. இறுதியில் ஹம்பேர்க் வரைஞர்களும் புதிய பதிப்புக்கு மாறவே வேண்டியதாயிற்று. முன்னரே செய்திருந்தால் அது செலவு. பின்னர் செய்தமையால் அது செலவும் நட்டமும்.

ஆகவே, பல காரியாலயங்களில் ஒரு பொருளை வரையும் எந்த நிறுவனமும், பெரிதாயினும் சிறிதாயினும், வேலையைத் தொடங்குமுன் மூன்று வினாக்களுக்கு விடை காணட்டும். நாம் அனைவரும் ஒரே பதிப்பையா கையாளுகின்றோம்? பொதுவானவை எவை, தனியானவை எவை என்பதை எழுதிவைத்துள்ளோமா? கருத்து வேறுபாடு எழும்போது முடிவு கூறும் அதிகாரம் யாரிடம் உள்ளது? முதலிரண்டு வினாக்களுக்கும் தொழில்நுட்பவியலாளர் விடை கூறுவர். மூன்றாவது வினாவுக்கு நிறுவனத்தை நடத்துபவர்களே விடை கூறவேண்டும். அவ்விடை இல்லாதபோது மற்றை இரண்டு விடைகளும் தாளோடு நின்றுவிடும்.