நோவின் அறிவிப்பாளர்கள்

புதுச்சேரியை அடுத்த வீராம்பட்டினத்து மீனவர் ஒருவர் குடலிறக்க அறுவைக்காகக் கோரிமேட்டிலுள்ள ஜிப்மர் மருத்துவமனைக்குச் செல்கிறார் எனக் கொள்வோம். 1823இல் பிரெஞ்சுக்காரர் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழிவந்த நிறுவனம் அது. மயக்கம் தெளிந்ததும், "பத்துக்கு எவ்வளவு வலிக்கிறது?" என வினவுகின்றனர். "ஏழு" என்கிறார் அவர். இரத்த அழுத்தத்தை அளக்கக் கருவி உண்டு. நோவை அளக்க நோயாளியின் சொல்லன்றி வேறில்லை. நோவு தணிக்கும் மருந்துகளைப் பற்றிய ஆய்வுகள் யாவும் இச்சொல்லின் மீதே எழுகின்றன.

ஒரு மருந்தின் பயனை அறிய, அதைப் பெற்றோரைப் பெறாதாரோடு ஒப்பிட வேண்டும். கி.பி. 925 வாக்கில் மறைந்த மருத்துவ மேதை அர்ராஸீ, மூளைச் சவ்வு அழற்சியின் அறிகுறி கண்டோரில் ஒரு சாராருக்கு இரத்தம் நீக்கி, மறுசாராரை வேண்டுமென்றே விட்டுவைத்து ஒப்பிட்டதைத் தம் 'அல்ஹாவீ'யில் பதிந்துள்ளார். இரத்தம் நீக்கும் அச்சிகிச்சை இன்று வழக்கொழிந்தது. ஒப்பிடும் முறை நிலைத்துவிட்டது. இன்று எவர் எப்பிரிவு என்பதைக் குலுக்கலே முடிவு செய்கிறது.

அப்படியாயின் வெற்று மருந்து பெற்றவரைத் துடிக்க விடுவதா? இல்லை. வலி மிகுந்தால் இரு பிரிவினருக்கும் மார்பின் போன்ற மருந்து தரப்படும். முதல் 24 மணி நேரத்தில் எப்பிரிவினருக்கு அது குறைவாகத் தேவைப்பட்டது என்பதே பல ஆய்வுகளில் முடிவைக் காட்டும் அளவாகிறது.

நோயாளி சொன்னதைச் செவிலியர் பதிகிறார், ஆய்வாளர் தொகுக்கிறார், ஆய்விதழ் வெளியிடுகிறது, எங்கோ ஒரு மருத்துவர் அதை நம்பி ஊசி போடுகிறார். ஹதீஸ் கலை பயின்றோர் இதனை ஒரு ஸனதாகவே காண்பர். அறிவிப்பாளரின் நேர்மையையும் நினைவாற்றலையும் துருவி ஆராய 'அல்ஜர்ஹு வத்தஃதீல்' எனும் தனிக்கலையையே நம் இமாம்கள் வகுத்தனர். மருத்துவ உலகம் இத்தேவையைத் தாமதமாகவே உணர்ந்தது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து மயக்கவியல் மருத்துவர் ஸ்காட் ரூபன், அறுவைக்குப் பிந்திய வலி தணிப்பில் முன்னோடியாகப் போற்றப்பட்டவர். 2008இல் அவருடைய இரு ஆய்வுகளுக்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் இல்லாதது வெளிப்பட்டது. மேலும் துருவியபோது, 21 கட்டுரைகளின் தரவுகள் புனையப்பட்டவை என்பது 2009இல் உலகுக்குத் தெரிந்தது. முஹத்திஸ்களின் மொழியில் கூறின் மவ்ளூஉ, இட்டுக்கட்டப்பட்டவை. 2010இல் அவர் சிறைத்தண்டனை பெற்றார். அதற்குள் அவற்றை நம்பி மருந்து பெற்றோர் எத்தனை பேரோ!

இந்தியாவில் 2007இல் மருத்துவ ஆய்வுகளுக்கான பதிவேடு தொடங்கப்பட்டது. 2009 ஜூன் முதல் மருந்தாய்வுகளை அதில் முன்கூட்டியே பதிவது கட்டாயமாயிற்று. முடிவைப் பார்த்தபின் கேள்வியை மாற்றுவது இதனால் கடினமாகிறது. 2019ஆம் ஆண்டின் விதிகளோ, எழுதப் படிக்க அறியாதவரிடம் ஒப்புதல் பெறுகையில் ஆய்வோடு தொடர்பற்ற ஒரு சாட்சி முழுமையாக உடனிருக்க வேண்டும் என்கின்றன. கடனுக்கே எழுத்தும் சாட்சியும் வேண்டும் எனும் அல்பகரா 282ஆம் வசனத்தை ஓதுவோர்க்கு இவ்விதி அந்நியமன்று. ஆய்வில் சேர அழைக்கப்பட்டால், அறுவைக்கு முன் நம் மீனவர் அச்சாட்சியின் முன்னிலையில் கேட்க வேண்டியவை மூன்று: வலி மிகுந்தால் என்ன தருவீர்கள்? நடுவில் விலகினாலும் என் சிகிச்சை தொடருமா? இவ்வாய்வின் பதிவெண் என்ன?