கவாத்துக் கத்தரி கொண்டுவரும் குளிர்காலம்

திராட்சைக் கொடிக்குக் குளிர்காலம் வேண்டும். பிரான்சிலும் இத்தாலியிலும் நவம்பர் வந்தால் இலையெல்லாம் உதிர்த்துவிட்டு, வெறும் கட்டையாக உறங்கப் போய்விடும். வசந்தத்தில் துளிர்க்கும், கோடையில் காய் பிடிக்கும், செப்டம்பர் வாக்கில் பழுக்கும். ஆண்டுக்கு ஓர் அறுவடை, அவ்வளவுதான். அதே இனத்துக் கொடி தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கில் ஆண்டு முழுவதும் பழம் தருகிறது. இலை உதிர்க்கிற அளவுக்கு அங்கே குளிர் கிடையாது. அப்படியானால் கொடி எப்போது உறங்குகிறது, யார் அதை எழுப்புகிறார்கள்?

ஐரோப்பாவில் கல்லூரிப் பிள்ளைகள் சிலர் விடுமுறை விட்டால் திராட்சைத் தோட்டம் தோட்டமாகச் சுற்றுவார்கள். நல்ல சாப்பாடு, பழம், பாதாளக் கிடங்கில் வைன் என்று பொழுது போகும். தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை பக்கம் படிக்கிற பிள்ளைகளுக்கு அந்த ஆசை இருந்தால் கடல் தாண்ட வேண்டியதில்லை. கிளாம்பாக்கத்தில் இரவு பஸ் ஏறினால் திருச்சி, திண்டுக்கல், வத்தலக்குண்டு, தேனி வழியாக விடிந்த பிறகு கம்பம். தாவரவியல் படிக்கிறவர்கள் கட்டாயம் போக வேண்டிய இடம் என்பேன். பாடப் புத்தகத்தில் படமாகப் பார்த்த பலவற்றை அங்கே கையால் தொட்டுப் பார்க்கலாம்.

சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி, கூடலூர், ராயப்பன்பட்டி என்று மலையடிவாரம் நெடுக ஊர்கள். தண்ணீர் பெரியாற்றிலிருந்து வருகிறது. மேற்கு நோக்கி ஓடிய ஆற்றை அணை கட்டித் தடுத்து, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பிய பொறியாளர் பென்னிகுயிக்கின் வேலை 1895இல் முடிந்தது. இன்றைக்கும் அந்த வட்டாரத்து வீடுகளில் அவர் படம் தொங்குகிறது. அந்தத் தண்ணீர் இல்லாமல் இந்தத் தோட்டங்களை நினைத்துப் பார்க்க முடியாது.

தோட்டம் என்றால் வெளிநாட்டுப் படங்களில் வருவதுபோல வேலி வேலியாக நிற்கும் வரிசைகள் அல்ல. இங்கே எல்லாம் பந்தல். கல்தூண் நட்டு, தலைக்கு மேலே குறுக்கும் நெடுக்குமாகக் கம்பி இழுத்துக் கட்டியிருக்கிறார்கள். கொடி ஒரே தண்டாக நேரே ஏறி, கம்பியைத் தொட்டதும் நாலாபக்கமும் கை விரித்துப் படர்கிறது. மேலே இலைக்கூரை வெயிலை வாங்கிக்கொள்ள, குலைகள் கீழே நிழலில் தொங்குகின்றன. குனிந்து வேலை செய்ய வேண்டியதில்லை. அண்ணாந்துதான் செய்ய வேண்டும். நாள் முழுக்க அப்படி நின்று கவாத்து செய்கிறவர்களின் கழுத்தும் தோளும் என்ன பாடுபடும் என்பதைப் பத்து நிமிடம் அண்ணாந்து நின்று பார்த்தால் தெரிந்துவிடும்.

கவாத்துதான் விஷயமே. அறுவடை முடிந்து சில வாரம் கொடியை ஓயவிட்டு, பிறகு முற்றிய கிளைகளில் சில கணுக்களை மட்டும் விட்டுவிட்டு மற்றதைக் கத்தரியால் வெட்டித் தள்ளுகிறார்கள். இலையும் போய்விடும். நேற்று வரை பச்சைக் கூரையாக இருந்த பந்தல் இன்றைக்குக் கம்பியும் கட்டையுமாக நிற்கும். பிரான்சில் குளிர் செய்கிற வேலையில் ஒரு பாதியை இங்கே கத்தரி செய்துவிடுகிறது.

கொடியின் நுனி வளர்ந்துகொண்டிருக்கும்வரை கீழேயுள்ள மொட்டுகளை விழிக்க விடாது. நுனியும் இலையும் போன பிறகுதான் அவை துளிர்க்கத் தொடங்குகின்றன. வெட்டிய இடத்தைக் கிட்டப் போய்ப் பாருங்கள். தெளிந்த நீர் முத்து முத்தாகக் கசிந்து, சொட்டிக்கொண்டிருக்கும். வேர்கள் தண்ணீரை மேலே தள்ளுகின்றன. அதை வாங்கி ஆவியாக்க இலை இல்லை. வேரழுத்தம் என்று பாடத்தில் படித்தது அந்தச் சொட்டுதான்.

ஆனால் குளிர் படாத மொட்டுகள் எல்லாம் ஒன்றாக விழிப்பதில்லை. ஒன்று இன்றைக்குத் துளிர்த்தால் இன்னொன்று பத்து நாள் கழித்துத் துளிர்க்கும். பழம் முன்னும் பின்னுமாகப் பழுத்தால் வியாபாரி எடுக்க மாட்டார். அதனால் கவாத்து முடிந்த கையோடு ஹைட்ரஜன் சயனமைடு என்ற மருந்தைத் தண்ணீரில் கலந்து மொட்டுகளில் தடவுவது திராட்சை விவசாயத்தில் வழக்கம். குளிர்காலத்தின் மறுபாதி அந்தப் புட்டியில் இருக்கிறது. அதைக் கையாளுகிறவர்கள் உறை அணிய வேண்டும். அதோடு, முன்னும் பின்னும் சில நாட்களுக்கு மதுவைத் தொடவே கூடாது. உடலுக்குள் போன ஆல்கஹாலை ஈரல் படிப்படியாக உடைக்கும்போது இடையில் அசிட்டால்டிஹைடு என்ற நஞ்சு உண்டாகிறது. அதை அகற்றும் நொதியை இந்த மருந்து முடக்கிவிடும். முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, ஆபத்தாகவே முடியலாம். உலகெங்கும் வைனுக்காக வளர்க்கப்படும் ஒரு கொடியை எழுப்புகிற மருந்துக்கு இப்படி ஒரு குணம் இருப்பது என்னை இன்றும் வியக்க வைக்கிறது.

துளிர் நீண்டதும் இன்னொன்றைக் கவனியுங்கள். ஒவ்வோர் இலைக்கும் எதிர்ப்புறத்தில் ஒன்று பூங்கொத்து இருக்கும், அல்லது பற்றுக்கம்பி இருக்கும், அல்லது எதுவும் இருக்காது. கொத்தும் கம்பியும் ஒரே கருவிலிருந்து பிறப்பவை. மொட்டுக்குள் அந்தக் கரு உருவாகும் சமயத்தில் நல்ல வெளிச்சமும் வெப்பமும் கிடைத்தால் கொத்தாகும். இருட்டில் கிடந்தால் பிடித்துக்கொள்ளும் சுருள்கம்பியாகிவிடும். சில நேரம் பாதிக் கம்பியாகவும் பாதிக் கொத்தாகவும், நுனியில் நாலைந்து காயோடு ஒன்று தொங்குவதைக் காணலாம். தேடினால் கிடைக்கும். அடுத்த அறுவடைக்கான இந்த முடிவு, இப்போதைய குலைகள் தொங்கிக்கொண்டிருக்கும்போதே, பக்கத்து மொட்டுக்குள் நடந்து முடிந்துவிடுகிறது. பந்தலில் இலை அடர்ந்து இருண்டுவிடாமல் விவசாயி பார்த்துக்கொள்வது அதற்காகத்தான்.

கவாத்திலிருந்து அறுவடைக்குச் சுமார் 3, 4 மாதம். டிசம்பர், ஜனவரியில் வெட்டினால் ஏப்ரல், மே மாதங்களில் பழம். மே, ஜூனில் வெட்டினால் ஆகஸ்ட், செப்டம்பரில் பழம். இது பொதுக் கணக்கு. கம்பத்து விவசாயிகள் ஆளுக்கொரு தேதியில் வெட்டுவதால், ஒரு தோட்டம் மொட்டையாக நிற்கும், அடுத்தது பூத்திருக்கும், அதற்கடுத்ததில் லாரி வந்து நிற்கும். கொடியின் ஓராண்டு வாழ்க்கை முழுவதையும் ஒரே காலையில் நடந்து பார்த்துவிடலாம். பிரான்சின் போர்டோவில் படிக்கிற மாணவருக்கு இந்த வசதி இல்லை.

போர்டோ என்றதும் இன்னொன்று. மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த நீலக் கரைசலை இலைகளில் தெளித்திருப்பார்கள். அடிச்சாம்பல் நோய்க்கு மருந்து. போர்டோ வட்டாரத்தில் வழிப்போக்கர்கள் பழம் திருடாமல் இருக்க, சாலையோரக் கொடிகளில் பார்க்கவே அருவருப்பாகத் தெரியும்படி இதைத் தெளித்து வைத்திருந்தார்கள். அந்தக் கொடிகளில் மட்டும் நோய் இல்லை என்பதை மில்லார்தே என்ற தாவரவியல் பேராசிரியர் கவனித்து, 1885இல் மருந்தாகவே அறிவித்தார். நம் ஊரில் வெற்றிலைக்கும் பாக்குக்கும்கூடப் போர்டோ கலவை தெளிக்கிறார்கள்.

கம்பத்தின் அடையாளம் பன்னீர் திராட்சை. 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. மேலைநாட்டில் மஸ்கட் ஹாம்பர்க் என்று பெயர். இங்கிலாந்தின் கண்ணாடிக் கூடங்களில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் புகழ்பெற்ற ரகம். வாயில் போட்டதும் எழும் மணத்துக்கு லினலூல், ஜெரானியால் போன்ற பொருள்கள் காரணம். ரோஜாவிலும் ஜெரானியால் உண்டு. தோலின்மேல் வெண்பொடி படர்ந்ததுபோல இருப்பதைப் பார்த்து, மருந்து என்று பலர் பயப்படுகிறார்கள். அது பழம் தானே சுரக்கும் மெழுகு; விரலால் தேய்த்தால் கருநீலம் பளபளக்கும். மருந்து எச்சம் கண்ணுக்குத் தெரியாது என்பதால் எப்படியும் நன்றாகக் கழுவித்தான் சாப்பிட வேண்டும். வாழையைப்போலவோ மாம்பழத்தைப்போலவோ பறித்த பிறகு திராட்சை பழுக்காது. புளிப்பாகப் பறித்தது கடைசிவரை புளிப்புத்தான். தாம்பரம் சண்முகம் சாலையில் தள்ளுவண்டியில் வாங்குகிறவர்கள், சிவப்பு மாறாத பழம் கலந்த குலையை ஒதுக்கிவிடலாம்.

இந்தப் பழத்தில் உயர்ந்த வைன் ஏன் அதிகம் செய்வதில்லை? ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றுகிறது. 12 அல்லது 13 சதவீத ஆல்கஹாலுக்குச் சாற்றில் நூற்றுக்கு 22 பங்குக்கு மேல் சர்க்கரை வேண்டும். பன்னீர் பொதுவாக அதற்குக் கீழேயே நின்றுவிடும். பழம் பெரிது, சாறு அதிகம், தோலின் பங்கு குறைவு. வைனின் நிறமும் துவர்ப்பும் தோலிலிருந்துதான் வருகின்றன. வைன் ரகங்கள் சிறிய, தோல் தடித்த பழங்கள். அவற்றுக்குப் பகல் வெயிலும் குளிர்ந்த இரவும் வேண்டும். இரவும் சூடாக இருந்தால் பழத்திலுள்ள மாலிக் அமிலம் குறைந்து, வைன் சப்பென்று ஆகிவிடும். நாசிக்கும் பெங்களூருக்கு அருகே நந்தி மலையடிவாரமும் இந்தியாவின் வைன் ஊர்களானதற்கு அந்த இரவுகளும் ஒரு காரணம்.

பல்லாவரம், பரங்கிமலைப் பக்கத்து ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களில் கிறிஸ்துமஸுக்கு வைன் போடுவது பழைய வழக்கம். கறுப்புத் திராட்சையை நசுக்கி, பீங்கான் ஜாடியில் ஈஸ்ட், கோதுமை, கிராம்பு, பட்டையோடு ஊறவிடுவார்கள். கிலோக் கணக்கில் சர்க்கரையும் சேரும். பழத்தில் குறைகிற இனிப்பை அது ஈடுசெய்கிறது. பிளம் கேக்கோடு ஒரு சிறு கிண்ணம். இதைப் படித்துவிட்டு விடுதி அறையில் யாரும் முயன்று பார்க்க வேண்டாம்; உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது தமிழ்நாட்டில் குற்றம். குடிப்பதற்கும் 21 வயது நிறைந்திருக்க வேண்டும். கல்லூரிக் கூட்டத்தில் பாதிப்பேருக்கு அந்த வயது இருக்காது.

அதனால் கம்பத்துப் பயணத்தில் பருகக் கிடைப்பது சாலையோரத் தோட்டக் கடைகளில் கண்ணெதிரே பிழிந்து தரும் திராட்சைச் சாறு. அது போதும் என்றே நினைக்கிறேன்; அன்று காலை பறித்த பழத்தின் மணம் சென்னையில் எந்தக் கடையிலும் கிடைக்காது. மாலையில் சுருளி அருவிக் குளியல், இரவு கம்பத்தில் பரோட்டாவும் சால்னாவும், திரும்பும் வழியில் திண்டுக்கல்லில் சீரகச் சம்பா பிரியாணி. ஐப்பசி, கார்த்திகை மழையில் மட்டும் போகாதீர்கள். பழுத்த பழம் மழைநீர் குடித்து வெடித்துவிடும், விவசாயியும் பேசும் மனநிலையில் இருக்க மாட்டார். மற்ற மாதங்களில், வாசலில் நின்று “அண்ணே, உள்ளே வந்து பார்க்கலாமா” என்று கேட்டுவிட்டு நுழையுங்கள். குலைகளில் கை வைக்காதீர்கள். வியாபாரி ஏற்கெனவே விலை பேசி வைத்த தோட்டமாக இருக்கலாம்.