ஒரே தெரு, வேறு வேறு வாழ்க்கை: வீடுதோறும் கேட்கப்படும் கேள்விகளின் பொருள்

சுகாதாரத் தன்னார்வலர் வீட்டுக்கு வரும்போது, நோயைப் பற்றி மட்டும் கேட்பதில்லை. வெற்றிலையோடு புகையிலை சேர்ப்பீர்களா, எந்த அடுப்பில் சமைக்கிறீர்கள், பெற்றோருக்குச் சர்க்கரை நோய் இருந்ததா என்றும் கேட்கிறார். ‘இவையெல்லாம் எதற்கு?’ என்று குடும்பத்தார் வினவுவது இயல்பே. அதற்குரிய விளக்கத்தை இங்கே தருகிறோம்.

வணிகரின் கேள்வியும் மருத்துவரின் கேள்வியும்

ஒரு வட்டாரத்து மக்களை வாழ்க்கைமுறையைக் கொண்டு பிரித்தறிவது வணிகத்தில் பெரிதும் வழங்கும் முறையாகும். இந்தியச் சந்தை ஆய்வாளர்கள் 2011இல் வகுத்த அட்டவணை, முதன்மையாகப் பொருளீட்டுபவரின் கல்வியையும், மின்விசிறி, எரிவாயு அடுப்பு, இருசக்கர வாகனம், விளைநிலம் முதலிய 11 உடைமைகளில் எத்தனை அவ்வீட்டில் உள்ளன என்பதையும் கொண்டு குடும்பங்களை 12 நிலைகளாகப் பிரிக்கிறது. எந்த வீட்டில் எதை விற்கலாம் என்பதை அது காட்டும்; யாருக்கு நோய் வரக்கூடும் என்பதைக் காட்டாது. ஆகவே மருத்துவத்துக்கு வேறு கேள்விகள் தேவைப்படுகின்றன.

மதிப்பெண் கணக்கிடும் முறை

தொற்றா நோய்களுக்கான தேசியத் திட்டத்தில் ஒரு மதிப்பீட்டுப் படிவம் பயன்படுகிறது. அதன் மதிப்பெண்கள் வருமாறு:

• வயது: 30 முதல் 39 வரை 1, 40 முதல் 49 வரை 2, 50 முதல் 59 வரை 3, 60க்கு மேல் 4.
• புகையிலை (புகைத்தலும் மெல்லுதலும்): எப்போதாவது 1, நாள்தோறும் 2.
• நாள்தோறும் மது: 1.
• இடுப்புச் சுற்றளவு: பெண்களுக்கு 81 முதல் 90 செ.மீ. வரை 1, அதற்கு மேல் 2; ஆண்களுக்கு 91 முதல் 100 செ.மீ. வரை 1, அதற்கு மேல் 2.
• வாரத்துக்கு 150 நிமிடத்துக்கும் குறைவான உடலுழைப்பு: 1.
• பெற்றோர் அல்லது உடன்பிறந்தாருக்கு இரத்த அழுத்தம், சர்க்கரை நோய், இதய நோய்: 2.

30 வயதைக் கடந்த அனைவருக்கும் பரிசோதனை உண்டு. கூட்டுத்தொகை 4க்கு மேற்பட்டவர்களுக்கு முன்னுரிமை அளிக்கப்படுகிறது.

எடுத்துக்காட்டாக, வயலில் உழைக்கும் 52 வயதுப் பெண் ஒருவரைக் கொள்வோம். வயதுக்கு 3, நாள்தோறும் வெற்றிலையோடு மெல்லும் புகையிலைக்கு 2, 84 செ.மீ. இடுப்புக்கு 1, தாய்க்கு இருந்த சர்க்கரை நோய்க்கு 2, ஆக 8. ‘வெற்றிலைதானே’ என்று புகையிலையைச் சொல்லாமலும், தாயின் நோயை நினைவுகூராமலும் விட்டால் கணக்கு 4 ஆகிவிடும்; முன்னுரிமையும் போய்விடும். அதே தெருவில் கடை நடத்தும் 34 வயது ஆண், 102 செ.மீ. இடுப்பும், உடலுழைப்பின்மையும், தந்தையின் நோயும் சேர்ந்து 6 பெறுகிறார். இவ்விருவரையும் வருவாயைக் கொண்டு மட்டும் பார்த்தால் இந்த ஒற்றுமை தெரியாது.

டெல்டாவில் கவனிக்க வேண்டியவை

‘விவசாயி’ என்ற ஒரு சொல் போதாது. நடவும் அறுப்பும் இயந்திரத்துக்கு மாறிய ஊர்களில் உழைப்பு குறைந்துள்ளது. குறுவை, சம்பா நடவுக் காலத்தில் ஓயாத வேலை இருக்கும். கோடையில் பல நாள் வேலையே இராது. எனவே உழைப்பைப் பற்றிக் கேட்கும்போது இரு காலங்களையும் சொல்லுங்கள்.

விறகு அடுப்பின் புகை, வைக்கோலும் அறுவடைத் தாளும் எரிக்கும் புகை, செங்கற்சூளைப் புகை ஆகியவை நுரையீரலைப் பாதிப்பவை. அவற்றையும் படிவம் கேட்கிறது.

படிவத்தில் இல்லாத ஒன்றையும் நீங்களே சொல்லுங்கள்: வெறுங்காலுடன் சேற்றில் இறங்குவது. சர்க்கரை நோயால் உணர்வு குன்றிய பாதத்தில் முள்ளோ நத்தை ஓடோ குத்தினால் வலி தெரியாது. புண் ஆழமான பிறகே கண்ணில் படும். காலை இழக்கும் நிலைக்கும் அது கொண்டு செல்லக்கூடும். வயலிலிருந்து திரும்பியதும் பாதத்தைக் கழுவித் துடைத்து, விரலிடுக்குகளையும் உள்ளங்காலையும் குடும்பத்தார் ஒருவர் பார்ப்பது நன்று.

வகை வேறு, மனிதர் வேறு

மதிப்பெண் என்பது நோய் உண்டு என்ற தீர்ப்பன்று. யாரை முதலில் பரிசோதிப்பது என்பதற்கான வழிகாட்டி. குறைந்த மதிப்பெண் பெற்றவருக்கும் இரத்த அழுத்தம் இருக்கலாம். அது பெரும்பாலும் அறிகுறியின்றியே இருக்கும்.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின்கீழ், இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரை நோய்க்கும் உரிய மாத்திரைகளோடு, இயன்முறை சிகிச்சையும் நோய்த்தணிப்புச் சிகிச்சையும் வீடு தேடி வருகின்றன. யாருக்கு எது தேவை என்பதை அறிய, உங்கள் விடையே அடிப்படை.

குடும்பத்தாருக்கு

• வீட்டில் ஒருவருக்குச் சர்க்கரை நோயோ இரத்த அழுத்தமோ உறுதியானால், 30 வயதைக் கடந்த மற்றவர்களும் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.
• பகலில் வயலுக்குச் செல்பவர்கள், வீட்டில் இருக்கும் நேரத்தைத் தன்னார்வலரிடம் முன்பே தெரிவியுங்கள்.
• மாமியார் முன்னிலையிலோ பிள்ளைகள் முன்னிலையிலோ சொல்லத் தயங்கும் செய்தியைத் தனியே சொல்லலாம். தனியே பேச வேண்டும் என்று கேட்பதில் தவறில்லை.