படிவச் சரிபார்ப்பும் தமிழ்ப் பெயர்களும்: ஜாவா வலைச்சட்டகத்தில் வழங்கிப்பக்கப் பிழைகளைக் கண்டறிதல்

ஆய்வுச்சுருக்கம்

இணையப் படிவங்களில் தமிழில் இடப்படும் பெயர்கள் பல வேளைகளில் ‘செல்லாதவை’ என மறுக்கப்படுகின்றன. ஸ்பிரிங் சட்டகமும் ஜகார்த்தா வேலிடேஷன் விதிகளும் கொண்டு அமைந்த படிவங்களில் இம்மறுப்பு எந்தப் படிநிலையில் நிகழ்கிறது, அதை எவ்வாறு கண்டறிவது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. திருநெல்வேலி – திருச்செந்தூர் இருப்புப்பாதையில் உள்ள ஊர்ப்பெயர்கள் சோதனைத் தரவாகக் கொள்ளப்பட்டுள்ளன.

திறவுச்சொற்கள்: ஒருங்குறி, படிவச் சரிபார்ப்பு, புள்ளி, ஜாவா, ஸ்பிரிங், ஆறுமுகநேரி

முன்னுரை

கருத்தரங்கப் பதிவு, ஆய்வேட்டுப் பதிவு, இதழ்களுக்குக் கட்டுரை அனுப்புதல் என ஆய்வாளர் ஒருவர் ஓராண்டில் நிரப்பும் இணையப் படிவங்கள் பல. அவற்றில் தம் பெயரைத் தமிழில் எழுதியவுடன் ‘எழுத்துகளை மட்டும் உள்ளிடுக’ என்னும் சிவப்பு வரி தோன்றுவதைக் கண்டவர்கள் நம்மிடையே குறைவல்லர். உள்ளிட்டவை எழுத்துகள் அல்ல என்றால் வேறு எவை? இக்கேள்விக்கு விடை நிரலாளரின் கவனக்குறைவில் மட்டும் இல்லை. எழுத்து எது என்பதில் இலக்கணமும் ஒருங்குறியும் கொண்டுள்ள வேறுபாட்டிலும் அது இருக்கிறது.

உலாவியில் நிகழும் சரிபார்ப்பைப் பயனர் எளிதில் தவிர்த்துவிடலாம். ஆதலின் இறுதித் தீர்ப்பு வழங்கியிலேயே அமைய வேண்டும். ஜாவா உலகில் இதற்கான பொது விதிமுறை 2009இல் பீன் வேலிடேஷன் என்னும் பெயரில் வந்தது. புலத்தின் தலையில் @நாட்பிளாங்க், @சைஸ், @பேட்டர்ன் போன்ற குறிப்புகளை இட்டால், படிவம் வந்து சேரும்போது சட்டகம் அவற்றைச் சோதிக்கும்.

ஆறு, பத்து, முப்பது

உப்பளங்களுக்குப் பெயர்பெற்ற ஆறுமுகநேரியின் பெயரையே முதற்சான்றாகக் கொள்வோம். ஆ, று, மு, க, நே, ரி எனத் தமிழ் மரபில் ஆறு எழுத்துகள். (ஆறுமுகத்துக்கு ஆறெழுத்து அமைந்தது தற்செயலே.) ஒருங்குறியிலோ று என்பது றகரமும் உகரக்குறியும் சேர்ந்த இரு குறியெண்கள், எனவே மொத்தம் 10 குறியெண்கள். யூடிஎஃப்-8 குறியேற்றத்தில் தமிழ்க் குறியெண் ஒவ்வொன்றும் 3 பைட்டுகள் கொள்வதால் 30 பைட்டுகள்.

வழங்கிக்கு வந்த சரத்தின் நீளத்தைப் பதிவேட்டில் அச்சிட்டுப் பார்ப்பதே பிழைதேடலின் முதற்படியாக இருத்தல் நலம். 10 என வந்தால் தரவு பழுதின்றி வந்துள்ளது. 30 என வந்தால் யூடிஎஃப்-8 பைட்டுகளை வழங்கி ஐஎஸ்ஓ-8859-1 எனப் பிழைபடப் படித்துள்ளது. கோரிக்கை தன் குறியேற்றத்தை அறிவிக்காதபோது சர்வ்லெட் விதிமுறை அந்தப் பழைய இலத்தீன் குறியேற்றத்தையே இயல்பாகக் கொள்ளும். அப்போது 25 என வரம்பிட்ட @சைஸ் விதி ‘பெயர் மிக நீளம்’ என்று மறுக்கும். ஆறெழுத்துப் பெயரை நீளம் என்பதைக் கண்ட நிரலாளர் வரம்பை உயர்த்துவார். சிதைந்த பெயர் தரவுத்தளத்துக்குள் புகுந்துவிடும். இங்குச் சரிபார்ப்பு விதியில் குற்றமில்லை. அதற்கு முந்திய படியிலேயே உள்ளது.

ஸ்பிரிங் பூட் இதற்கான குறியேற்ற வடிகட்டியைத் தானே அமைத்துவிடுகிறது. பழைய முறையில் அமைந்த செயலிகளில் அதை நாமே முதல் வடிகட்டியாக நிறுத்த வேண்டும். வேறொரு வடிகட்டி படிவ மதிப்பு ஒன்றை முன்னதாகப் படித்துவிட்டால், அதன்பின் குறியேற்றத்தை அறிவிப்பதால் பயனில்லை.

புள்ளி என்னும் இடர்ப்பாடு

நீளம் 10 என்றே வந்தும் பெயர் மறுக்கப்பட்டால் @பேட்டர்ன் விதியைப் பார்க்க வேண்டும். அ முதல் ன வரை உள்ள எழுத்துகளை ஒருங்குறி ‘எல்’ எனப்படும் எழுத்து வகையில் வைக்கிறது. உயிர்க்குறிகளும் புள்ளியும் ‘எம்’ எனப்படும் சார்குறி வகையைச் சேர்ந்தவை. எல்லா மொழிகளுக்கும் இடங்கொடுக்கும் நல்லெண்ணத்தோடு ‘எல் வகை மட்டும்’ என்று எழுதப்படும் வடிவத்தொடர், சீன எழுத்தையும் உருசிய எழுத்தையும் ஏற்கும்; ஆறுமுகநேரியை இரண்டாம் எழுத்திலேயே மறுக்கும். தனி உயிரும் அகர உயிர்மெய்யும் மட்டும் கொண்ட ‘அமல’ போன்ற சொற்களே தப்பும்.

இதை உணர்ந்தவர் அடுத்து நாடுவது ஜாவா 7இல் வந்த ‘ஆல்ஃபபெட்டிக்’ என்னும் பண்பு. இங்குத்தான் நுட்பமான பொறி உள்ளது. உயிர்க்குறிகளுக்கு இப்பண்பு உண்டு; புள்ளிக்கு இல்லை. இருப்புப்பாதை வழியே சோதித்தால் இது தெளிவாகும். திருநெல்வேலி, செய்துங்கநல்லூர், ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி, நாசரேத், குரும்பூர், ஆறுமுகநேரி, காயல்பட்டினம், திருச்செந்தூர் ஆகிய ஒன்பதில் மெய்யெழுத்து இல்லாத பெயர் ஆறுமுகநேரி ஒன்றே. ஆல்ஃபபெட்டிக் விதி அதை ஏற்றுக்கொள்ளும். மற்ற எட்டையும் மறுக்கும். ஆறுமுகநேரியை மட்டும் கொண்டு சோதித்தவர் படிவம் சரியாகிவிட்டது என்றே கருதுவார். மெய்யைப் புள்ளியால் அடையாளங்காட்டிய தொல்காப்பிய மரபுக்கு நேரெதிரான நிலை இது. தமிழ்ப்பெயர்களுள் பெரும்பாலானவை புள்ளி பெற்றவை என்பதால், இப்பிழை விளிம்பில் நிற்கும் ஒருசிலரை மட்டும் தொடுவதன்று.

‘எல் வகையில் ஓர் எழுத்தில் தொடங்கி, பின்னர் எல், எம் வகைகளும் இடைவெளியும் முற்றுப்புள்ளியும் வரலாம்’ என விதியை அமைப்பதே பொருத்தம். முதலெழுத்தும் பெயரும் சேர்ந்த ‘ஆ. முருகன்’ போன்ற வடிவம் இதில் அடங்கும். தனித்த உயிர்க்குறியில் தொடங்கும் பிழைவடிவம் விலகும். ஜாவாவின் ஒருங்குறி வகுப்புக் கொடியை ஏற்றிப் பொதுச்சொல் வகுப்பைப் பயன்படுத்துவதும் புள்ளியை ஏற்கும். ஆனால் எண்களையும் அடிக்கோட்டையும் சேர்த்தே ஏற்கும். மேலும் @பேட்டர்ன் குறிப்பின் கொடிப்பட்டியலில் அக்கொடி இல்லை. வடிவத்தொடருக்குள்ளேயே அதைப் பொதிய வேண்டும்.

தமிழ்நாடு அரசு 2010இல் அறிவித்த டேஸ்16 குறியேற்றம் உயிர்மெய்க்குத் தனிக்குறியெண் தருவதால் இச்சிக்கலுக்குத் தீர்வாகும் எனச் சிலர் கருதலாம். அக்குறியெண்கள் ஒருங்குறியின் தனிப்பயன் பகுதியில் உள்ளமையால், ஜாவாவின் பார்வையில் அவற்றுள் ஒன்றுகூட எழுத்து ஆகாது.

நீளமும் ஒப்புமையும்

@சைஸ் எண்ணுவது எழுத்துகளை அன்று, யூடிஎஃப்-16 அலகுகளை. குறைந்தது 2 என விதித்த புலத்தில் ‘சு’ என்னும் முதலெழுத்து தேறும், ‘ச’ தேறாது. இவ்விரண்டும் ஓரெழுத்தே என்பதை விளக்கத் தேவையில்லை. எழுத்தெண்ணிக்கை உண்மையாகவே வேண்டுமெனில் ஜாவா 9 முதல் வடிவத்தொடரில் உள்ள ‘எக்ஸ்’ குறியீட்டால் எழுத்துக்கொத்துகளை எண்ணலாம். க்ஷ என்பதை அது இரண்டாக எண்ணும். பெயர்ப்படிவத்துக்கு அவ்வேறுபாடு பொருட்டன்று.

பைட்டு அளவில் வரையறுத்த ஆரக்கிள் புலங்களில் இதன் மறுபக்கம் தெரியவரும். 20 என்ற @சைஸ் வரம்பில் 10 அலகுடைய ஆறுமுகநேரி தேறிவிடும். 20 பைட்டுப் புலத்தில் 30 பைட்டு அடங்காது. பயனருக்குப் பிழைச்செய்திகூடக் கிடைக்காமல் வழங்கிப்பிழைப் பக்கம் மட்டுமே கிடைக்கும்.

கொற்கை என்னும் பெயரை இருவகையாக உள்ளிடலாம்: ஒகரக்குறியை ஒரே குறியெண்ணாக இட்டால் 6 அலகு, எகரக்குறி, கால் என இரண்டாக இட்டால் 7 அலகு. திரையில் வேறுபாடில்லை, ஜாவாவின் சமன்பாட்டுச் சோதனையில் அவை வேறுவேறு. ‘இப்பெயர் முன்பே பதிவாகியுள்ளதா’ என்னும் சோதனை இதனால் பொய்க்கும். ஜாவாவின் நார்மலைசர் கொண்டு என்எஃப்சி வடிவுக்கு மாற்றியபின் சரிபார்த்தலே முறை. இம்மாற்றத்தைப் படிவ மதிப்புகள் பொருளில் பொருத்தப்படும் இடத்தில் செய்தல் வேண்டும். ஜேசானாக வரும் தரவு அவ்வழியே செல்லாது. அதற்கு ஜாக்சன் நூலகத்தில் தனியே அமைக்க வேண்டும்.

ஸ்ரீவைகுண்டத்துக்கு என்எஃப்சியும் உதவாது. முதலெழுத்தை ஸகரத்தால் எழுதுவோரும் உளர். ஒருங்குறியில் 2005இல் சேர்ந்த ஶகரத்தால் எழுதுவோரும் உளர். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே தோற்றமுடையவை. ஒப்பிடுவதற்கான சாவியில் மட்டும் இவற்றை ஒன்றாக்கி, பயனர் எழுதிய வடிவத்தை அப்படியே சேமித்தல் தகும். ஒருவர் தம் பெயரை எழுதும் முறையைத் திருத்தும் உரிமை படிவத்துக்கு இல்லை என்பது இக்கட்டுரையாளரின் நிலைப்பாடு.

விதி இயங்காத நிலை

தவறாக மறுப்பதற்கு மாறாக எதையுமே மறுக்காத படிவங்களும் உண்டு. காரணங்கள் பெரும்பாலும் எளியவை. கட்டுப்படுத்தி முறையின் அளபுருவில் @வேலிட் விடுபட்டிருக்கலாம். 2020இல் வந்த ஸ்பிரிங் பூட் 2.3 முதல் வலைத்தொகுப்புடன் சரிபார்ப்பு நூலகம் தானே வருவதில்லை. பூட் 3க்கு மாறியபின் பழைய ஜாவாக்ஸ் பெயர்வெளிக் குறிப்புகள் எஞ்சியிருந்தால் அவை ஓசையின்றிப் புறக்கணிக்கப்படும். பைண்டிங்ரிசல்ட் அளபுரு, சரிபார்க்கப்படும் பொருளை அடுத்தே நிற்க வேண்டும். இடம் மாறினால் படிவம் மீண்டும் தோன்றாமல் 400 பிழை எழும்.

குடும்பப்பெயரும் பிழைச்செய்தியும்

எல்லாக் குறியேற்றச் சிக்கல்களும் தீர்ந்தபின்னும் ‘குடும்பப்பெயர் கட்டாயம்’ என்னும் @நாட்பிளாங்க் விதி எஞ்சி நிற்கும். தந்தை பெயரின் முதலெழுத்தே முன்னொட்டாக வழங்கும் மரபினர் அங்கு எதை எழுதுவர்? தூத்துக்குடிக் கடற்கரையில் பர்னாந்து போன்ற குடும்பப்பெயர் உடையோரும் முதலெழுத்து மட்டும் உடையோரும் அருகருகே வாழ்கின்றனர். ஒரே வகுப்பறையில் ஒருவருக்குப் பொருந்தும் படிவம் மற்றவரைப் புள்ளியோ கோடோ இட்டு நிரப்பச் செய்கிறது. இந்தியக் கடவுச்சீட்டு விண்ணப்பத்தில்கூடக் குடும்பப்பெயர்ப் புலத்தை வெறுமையாக விடலாம். ஆதலின் முழுப்பெயருக்கு ஒரே கட்டாயப் புலமும் முதலெழுத்துக்கு விருப்பப் புலமும் போதும்.

மறுக்க நேரும்போது ‘சரியான பெயரை உள்ளிடுக’ என்பது பயனரை நோக்கி அவர் பெயரே தவறு என்பதாகும். எந்தக் குறி ஏற்கப்படவில்லை என்பதைச் செய்தி சொல்ல வேண்டும், அதுவும் தமிழில். செய்திகளைத் தாங்கும் பிராப்பர்ட்டீஸ் கோப்புகளை ஜாவா 9க்கு முந்திய பதிப்புகள் ஐஎஸ்ஓ-8859-1 ஆகவே படித்தன. ஸ்பிரிங்கின் செய்திமூலத்துக்கு யூடிஎஃப்-8 என வெளிப்படையாக அறிவித்துவிட்டால், பெயரைத் திருத்தச் சொல்லும் செய்தியாவது சிதையாமல் திரைக்கு வரும்.